பிறஷர் மெஷினிலிருந்து ஒட்சிசன் பெட்டி வரை: வீட்டில் பிழைத்தால் எங்கே பார்ப்பது

அலாரம் அடித்தால் கை தானாகக் கருவிப் பக்கம் போகும். போகவிடாமல் முதலில் கட்டிலைப் பாருங்கள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா, இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்குகிறதா? உதடும் நாக்கும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறியிருக்கின்றனவா? கூப்பிட்டால் வழக்கம்போல் பதில் வருகிறதா, குழம்பிப் பேசுகிறாரா? கழுத்தடிக் குழியும் விலா இடுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபடுகின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும், விரல் கவ்வியில் ஒட்சிசன் 97 என்று நின்றாலும், திருத்தும் வேலையை விட்டுவிட்டு 1990 இற்கு அழையுங்கள். அது கட்டணமில்லாத அம்புலன்ஸ் சேவை. ஆள் வழக்கம்போல் இருக்கிறார் என்றால் கருவியை ஆறுதலாகப் பார்க்கலாம்.

பெரும்பாலான பிழைகள் பெட்டிக்குள் இருப்பதில்லை. தோலும் கருவியும் தொடும் இடம், குழாய், தண்ணீர், கரண்ட் என்று வெளியில்தான் இருக்கும். யாழ்ப்பாணத்து வீடுகளில் அவை இன்னும் கொஞ்சம் கூடுதல்: கிணற்றில் சுண்ணாம்புத் தண்ணீர், பின்னேரத்தில் ஏறி இறங்கும் கரண்ட், கனடாவிலிருந்து பார்சலில் வந்த பெட்டி. ஸ்க்ரூட்றைவரைக் கடைசியில் எடுத்தால் போதும். அநேகமாக எடுக்கவே தேவைப்படாது.

விரல் கவ்வியில் ஒட்சிசன் திடீரென்று 86 என்று காட்டுகிறது

முதலில் கவ்வியைத் திருப்பிப் பாருங்கள். விளையாட்டில்லை. இந்தக் கருவிகளின் இலக்கம் கட்டம் கட்டமாக எழுதப்படுவது. 98ஐத் தலைகீழாகப் பார்த்தால் 86 என்றே தெரியும். நோயாளியின் தலைமாட்டில் நின்று பார்ப்பவருக்கும் கால்மாட்டில் நின்று பார்ப்பவருக்கும் இரண்டு வேறு இலக்கம். 96 என்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் 96 தான். இன்னொரு குழப்பம், நாடித் துடிப்பின் இலக்கத்தை ஒட்சிசன் என்று வாசிப்பது. % குறியுள்ள வரிதான் ஒட்சிசன்.

அது சரி என்றால் நாடியைச் சோதியுங்கள். கருவி நாடி 78 என்று காட்டும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நீங்கள் எண்ணியதும் கருவி காட்டுவதும் ஏறக்குறைய ஒத்துப்போகாவிட்டால் அந்த ஒட்சிசன் இலக்கத்தை நம்ப வேண்டாம். காரணம் எளிது. கவ்வி சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று ஒப்பிடுகிறது. ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஓயாகி 1970களில் கண்டுபிடித்த வழி அது. துடிப்பே பிடிபடாவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை.

துடிப்புப் பிடிபடாததற்கான காரணங்கள்:

- கை குளிர்ந்திருக்கிறது. இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, விரலை நெஞ்சு மட்டத்துக்குக் கொண்டுவந்து 30 செக்கன் அசையாமல் வைத்துப் பிறகு வாசியுங்கள். போட்டவுடன் வரும் முதல் இலக்கம் கணக்கில்லை.
- நகத்தில் பூச்சு, மருதோண்டி. நகப்பூச்சை அழிக்கலாம். மருதோண்டிக்கு அடுத்த விரல்தான் வழி.
- தோட்டவேலையில் தடித்துக் காய்த்த பெருவிரல். நடுவிரலோ மோதிரவிரலோ நல்லது.
- விறாந்தையில் நேர் வெயில். கையின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடுங்கள்.
- அதே கையில் பிறஷர் பட்டி காற்றடித்து இறுகி நிற்கிறது.
- கை நடுக்கம், அல்லது பற்றரி இறங்கியது.

இலக்கம் குறைவாக வரும்போது எல்லாரும் சந்தேகப்படுகிறோம். நல்ல இலக்கத்தைச் சந்தேகிப்பவர் குறைவு. கருந்தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 பெப்ரவரியில் எச்சரித்தது. எங்கள் வீடுகளில் இது கவனிக்க வேண்டிய செய்தி. தோல் எப்படியிருந்தாலும் 2, 3 புள்ளி முன்பின்னாக இருக்கும். ஆகவே ஒரு தனி இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நேற்றையதோடு ஒப்பிடுங்கள். எப்போதும் 96 இல் இருந்தவர் 92 இற்கு வந்து அங்கேயே நிற்பது, எப்போதும் 92 இல் இருப்பவருக்கு 92 வருவதைவிடப் பெரிய விஷயம்.

கவ்வி முற்றாக ஏமாறும் ஓர் இடமும் உண்டு. புகைக்குள் இருந்தவரின் இரத்தத்தில் காபன் மொனொக்சைட் ஒட்டியிருந்தால் கருவி அதையும் ஒட்சிசன் என்றே எண்ணிவிடும். கரண்ட் போன இரவில் மூடிய அறைக்குப் பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடி, உள்ளே இருந்தவருக்குத் தலையிடியும் சத்தியும் என்றால், 99 என்ற இலக்கத்துக்கு மதிப்பில்லை. ஆளை வெளியே கொண்டுவந்து 1990 இற்கு அழையுங்கள்.

பிறஷர் மெஷின் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகக் காட்டுகிறது

வேறுபடுவது இயல்பு. அதிகம் வேறுபட்டால் இருக்கும் விதத்தைப் பாருங்கள். முதுகு சாய்ந்த கதிரை, இரண்டு காலும் நிலத்தில், காலுக்கு மேல் கால் இல்லை, கை மேசையில், பட்டி இதய மட்டத்தில். பட்டி இதயத்துக்குக் கீழே 10 சென்ரிமீற்றர் தொங்கினால் ஏறக்குறைய 8 புள்ளி கூடக் காட்டும். கையை உயர்த்திப் பிடித்தால் அதேயளவு குறையும். தேத்தண்ணி, கோப்பி, சுருட்டு முடிந்து அரை மணித்தியாலம், சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் பேசாமல் இருந்து எடுக்க வேண்டும். அளக்கும்போது பேச்சுக் கொடுப்பதும் இலக்கத்தை ஏற்றும். வந்த விருந்தாளி "எத்தனை காட்டுது?" என்று கேட்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

பட்டியின் அளவைப் பலர் பார்ப்பதே இல்லை. மேற்கையின் நடுவில் தையல் நாடாவால் சுற்றளவை எடுங்கள். பெட்டியோடு வரும் நடுத்தரப் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரைக்குமானது. 35 சென்ரிமீற்றர் கைக்கு அதை இறுக்கிக் கட்டினால் இல்லாத பிறஷரைக் காட்டும். அதற்குப் பெரிய பட்டியைத் தனியாக வாங்கலாம். மெல்லிந்த முதியவருக்குப் பெரிய பட்டியைக் கட்டினால் குறைத்துக் காட்டும். பட்டி வெறும் தோலில் இருக்க வேண்டும். சேட் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கட்டாகி இறுக்கும்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் எடுத்து இரண்டையும் எழுதுங்கள். இரண்டு கைக்கும் இடையில் 10 புள்ளி வரை வித்தியாசம் இருப்பது உண்டு. கூடக் காட்டும் கையிலேயே தொடர்ந்து எடுங்கள். வித்தியாசம் 15 இற்கு மேல் நிலைத்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு இந்த வகை மெஷின் தடுமாறும், ஏனென்றால் அது பட்டிக்குள் காற்றின் அதிர்வைக் கொண்டுதான் கணக்கிடுகிறது. அவர்களுக்கு மூன்று தரம் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது.

*காற்று அடிக்கிறது, ஏறவில்லை, பிழை என்று நிற்கிறது:* பட்டியை ஒரு பெரிய போத்தலில் சுற்றி மெஷினைப் போடுங்கள். காற்று ஒழுகும் இடத்தில் 'ஸ்ஸ்' கேட்கும். குழாய் மெஷினில் செருகும் முனையும், பட்டிக்குள் குழாய் நுழையும் இடமும்தான் வழக்கமான ஓட்டைகள். குழாய் முனையில் வெடிப்பு என்றால் அரை சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகலாம். பட்டிக்குள் இருக்கும் றபர்ப் பை கிழிந்திருந்தால் பட்டியையே மாற்ற வேண்டும், ஒட்டுப்போட வேண்டாம். போத்தலில் ஒழுகவில்லை, கையில் மட்டும் பிழை என்றால் பட்டி தளர்ந்திருக்கிறது அல்லது கை அசைகிறது. போத்தலுக்கு நாடி இல்லை, ஆகவே முடிவில் பிழைக்குறி வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பற்றரியைக் கழற்றும் இடத்தில் பச்சைப் பூ பூத்திருந்தால் உப்புக்காற்றும் கசிந்த பற்றரியும் செய்த வேலை. வினாகிரி தொட்ட பஞ்சுமுனையால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, நான்கு பற்றரியையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையது இரண்டும் புதியது இரண்டும் கலந்தால் காற்றடிக்கும் மோட்டர் நடுவழியில் நின்றுவிடும்.

180/120 இற்கு மேலே வந்து, கூடவே நெஞ்சுநோ, வாய் கோணல், ஒரு பக்கம் வலுவிழப்பு, பார்வை மங்கல் என்று ஏதும் இருந்தால் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்க நேரமில்லை. 1990.

சுகர் மெஷின்: பாமசியில் ஒன்று, வீட்டில் ஒன்று

"வீட்டு மெஷினில் 7.2 தான், ஆஸ்பத்திரியில் 130 என்கிறார்கள்" என்பது பிழையே அல்ல. இரண்டும் ஒன்றுதான். இலங்கையில் டெசிலீற்றருக்கு மில்லிகிராம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் லீற்றருக்கு மில்லிமோல். அங்கிருந்து வந்த மெஷினின் இலக்கத்தை 18 ஆல் பெருக்குங்கள்: 5.6 என்றால் 100, 7.0 என்றால் 126, 3.9 என்றால் 70. பல மெஷின்களில் இந்த அலகை மாற்றவே முடியாது. பெருக்கல் வாய்ப்பாட்டை மெஷினின் முதுகில் ஒட்டிவிடுங்கள். இன்சுலின் போடும் வீட்டில் இந்தக் குழப்பம் பகிடியில்லை.

*நம்ப முடியாத அளவு கூடக் காட்டுகிறது:* கையைக் கழுவினாரா? கறுத்தக்கொழும்பான் தோலை உரித்த விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் மாம்பழத்தின் சுகரையும் சேர்த்துத்தான் மெஷின் சொல்லும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, திரும்ப எடுங்கள். ஸ்பிரிற் பூசியிருந்தால் அது காயும்வரை பொறுங்கள். விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்த துளியில் தோலடி நீர் கலந்துவிடும். விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தி, கையைத் தொங்கவிட்டால் தானே வரும். இரத்தச்சோகை உள்ளவருக்குக் கூடக் காட்டும் மெஷின்களும் உண்டு.

*பிழைக்குறி, அல்லது ஒரே போத்தல் ஸ்ட்ரிப்பில் ஒவ்வொன்றும் ஒவ்வொன்று:* ஸ்ட்ரிப், அதாவது இரத்தத்துளியை வாங்கும் சிறு பட்டை, கெட்டிருக்கிறது. அநேக ஸ்ட்ரிப்பை 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே உள்ள அலுமாரி அதைத் தாண்டிவிடும், மூடிய காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுக்கும்போது ஈரம் பிடிக்கும். வீட்டில் குளிர்ச்சியான உள்ளறை, மண்பானைக்குப் பக்கத்துத் தட்டுப் போதும். போத்தலின் மூடிக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் மூடுங்கள், வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது பெட்டியிலேயே இருக்கும்.

ஆய்வுகூடத்தோடு ஒப்பிடுவதானால் வெறுவயிற்றில் ஒப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு விரல் இரத்தமும் நாள இரத்தமும் இயல்பாகவே வேறுபடும். மெஷின்களுக்கான சர்வதேசத் தரம் 100 இற்கு மேலே 15% வித்தியாசத்தை அனுமதிக்கிறது. ஆய்வுகூடத்தில் 200 என்றால் 170 முதல் 230 வரை எதுவும் மெஷினின் பிழை அல்ல.

70 இற்குக் கீழே காட்டி, வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் இருந்தால் மெஷினைச் சோதிக்க நிற்காதீர்கள். விழுங்கக்கூடியவர் என்றால் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி, 15 நிமிடத்தில் திரும்ப அளவு. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

ஒட்சிசன் கொன்சன்ட்ரேற்றர்

இதில்தான் அதிகம் பிழைக்கிறது, அதிகம் பதற்றமும். பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். அறைக்காற்றில் 78% நைதரசன், 21% ஒட்சிசன். பெட்டி அந்தக் காற்றை இழுத்து, அழுத்தி, சியோலைற் என்ற மணிகள் நிரப்பிய இரண்டு உருளைக்குள் மாறி மாறித் தள்ளுகிறது. மணிகள் நைதரசனைப் பிடித்துக்கொள்ள, மிச்சம் 90 முதல் 96% ஒட்சிசனாக வெளியே வரும். ஆகவே அது ஒட்சிசனைச் சேமித்து வைத்திருக்கும் பெட்டி அல்ல. காற்று உள்ளே போகாவிட்டால், கரண்ட் இல்லாவிட்டால், அந்த நிமிடமே ஒன்றும் வராது. சில செக்கனுக்கு ஒருதரம் 'புஸ்' என்று கேட்பது உருளை மாறும் சத்தம். அது பிழையல்ல.

*ஓடுகிறது, ஆனால் மூக்கில் காற்று வருவதாகத் தெரியவில்லை.* மூக்குக் குழாயின் முனையை ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடியுங்கள். குமிழி வந்தால் வருகிறது. 1 லீற்றர் ஓட்டத்தை மூக்கு உணராமல் இருப்பது சாதாரணம். குமிழி இல்லை என்றால் பெட்டிப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வாருங்கள். வெளியேறும் வாயிலில் நேரே விரலை வையுங்கள். அங்கே காற்று வந்தால் பெட்டி நல்லது. அடுத்தது ஈரமூட்டும் போத்தல். அதைப் பூட்டி, முனைக் குழாயை விரலால் மடித்துப் பிடியுங்கள். போத்தலின் பாதுகாப்பு வால்வு விசிலடிக்க வேண்டும். விசில் இல்லாவிட்டால் போத்தல் மூடி மரை பிடிக்காமல் சாய்வாக ஏறியிருக்கிறது. வீடுகளில் நாங்கள் எதிர்பார்க்கும் முதற் பிழை இதுதான். கழற்றி, இடப்பக்கம் ஒரு சுற்றுத் திருப்பி 'டக்' என்று மரை விழுந்த பிறகு வலப்பக்கம் பூட்டுங்கள். போத்தல் சரியென்றால் கடைசியில் குழாய்: கட்டில் காலுக்குக் கீழே, கதவிடுக்கில், நோயாளியின் தோளுக்கு அடியில் நசிந்திருக்கும்.

போத்தல் உடைந்துவிட்டால் பதற வேண்டாம். நிமிடத்துக்கு 4 லீற்றருக்குக் குறைந்த ஓட்டத்துக்கு ஈரமூட்டி பெரும்பாலும் கட்டாயமில்லை. அதைத் தவிர்த்துக் குழாயை நேரே பெட்டியில் செருகி ஓடவிடலாம்.

*குண்டு குறித்த கோட்டில் நிற்கவில்லை.* ஓட்டமானியைக் கண் மட்டத்தில் பார்த்து, குண்டின் நடுவைக் கோட்டோடு பொருத்துங்கள். மேலேயிருந்து பார்த்தால் அரை லீற்றர் பிழைக்கும். குழாய் நீளம் 15 மீற்றருக்கு மேலே போனால் ஓட்டம் குறையும். விறாந்தைவரை நடக்கட்டும் என்று இரண்டு மூன்று குழாயை இணைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓட்டத்தைக் கூட்டினால் கூடுதல் நன்மை என்று எண்ணிக் குண்டை ஏற்றாதீர்கள். நெடுநாள் புகைத்த நுரையீரல் நோயாளர் சிலருக்கு வைத்தியர் 88 முதல் 92 வரைதான் இலக்கு வைப்பார். அவர்களுக்குக் கூடுதல் ஒட்சிசன் காபனீரொட்சைட்டைத் தேக்கி, தூக்கக் கலக்கத்தில் ஆழ்த்திவிடும்.

*மஞ்சள் விளக்கு, ஒட்சிசன் குறைவு அலாரம்.* போட்ட முதல் சில நிமிடத்தில் வந்தால் பொறுங்கள், அது இன்னும் சூடேறவில்லை. பிறகும் நின்றால் பக்கத்திலோ பின்னாலோ உள்ள பஞ்சு வடியைக் கழற்றிப் பாருங்கள். கிழமைக்கு ஒருதரம் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, முற்றாகக் காயவிட்டுப் போட வேண்டியது அது. ஈரத்தோடு போட்டால் அந்த ஈரம் சியோலைற் மணிக்குப் போய் அதைச் சாகடிக்கும். மணி செத்தால் திருத்தச் செலவு பெரிது. மாரிக்காலத்தில் காய நேரமெடுக்கும் என்பதால் இரண்டு பஞ்சு வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். பெட்டி சுவரிலிருந்தும் திரைச்சேலையிலிருந்தும் 30 சென்ரிமீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். பஞ்சு சுத்தம், இடமும் சரி, ஓட்டத்தைக் குறைத்தால் அலாரம் நிற்கிறது, கூட்டினால் வருகிறது என்றால் மணியோ கொம்பிரசரோ களைத்துவிட்டது. அது திருத்துபவரின் வேலை.

*போத்தலில் வெள்ளைப் படிவு.* எங்கள் கிணறு சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிறது. கெற்றிலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் இது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், சுண்ணாம்பு முழுதும் போகாது. காய்ச்சி வடித்த நீரைப் பாமசியில் வாங்குங்கள். கிடைக்காத நாளில் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றலாம். தினமும் பழையதைக் கொட்டிப் புதிது, இரண்டு கோட்டுக்கும் இடையில். மிஞ்சி ஊற்றினால் தண்ணீர் குழாயேறி மூக்குக்கு வரும். படிந்ததைப் போக்க ஒரு பங்கு வெள்ளை வினாகிரி, மூன்று பங்கு தண்ணீர், அரை மணித்தியாலம் ஊறவிட்டு நன்றாக அலசுங்கள்.

சாமியறைக்குப் பக்கத்து அறையில் கட்டில் போட்ட வீடுகளுக்கு ஒன்று. ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் எரிவதை ஊதிவிடும். போர்வையும் தலைமயிரும் அதை உறிஞ்சி வைத்திருக்கும். குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, நுளம்புத்திரி, சுருட்டு எல்லாம் 3 மீற்றருக்கு அப்பால். மூக்கு வறண்டால் வசலின், தேங்காயெண்ணெய் வேண்டாம். தண்ணீரில் கரையும் பூச்சு பாமசியில் உண்டு.

பெட்டி உறுமுகிறது, தொடங்கவில்லை; அல்லது போட்டவுடன் புகை

உறுமல் என்றால் பெரும்பாலும் வோல்ற் குறைவு. கொம்பிரசர் தொடங்கும்போதுதான் அதிகம் இழுக்கும். மாலையில் மட்டும் இப்படி, அதிகாலையில் சரி என்றால் காரணம் அதுவே. ஐந்து லீற்றர்ப் பெட்டி ஏறக்குறைய 350 வாற் எடுக்கும். 230 வோல்ற்றில் இது 1.5 அம்பியர்தான், சுவர் பிளக்குக்குச் சுமையில்லை. ஆனால் பழைய வட்டமுனைப் பிளக்குக்கு மேல் சதுரமுனை மாற்றி, அதற்கு மேல் மல்ரி பிளக் என்று அடுக்கினால் தளர்ந்த தொடுகை சூடேறி உருகும். கையை வைத்துப் பாருங்கள். சூடென்றால் மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு ஒரு தனிப் பிளக் போடுவியுங்கள். கெற்றில், அயன்பெட்டியோடு ஒரே நீட்டுவயரில் வேண்டாம்.

புகை என்றால் பின்னால் உள்ள தகட்டை வாசியுங்கள். 115 அல்லது 120 வோல்ற், 60 ஹேட்ஸ் என்று இருக்கும். வட அமெரிக்காவிலிருந்து வந்தது. எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகியதும் எரியும். இறக்கும் ட்ரான்ஸ்போமர் போட்டால் வோல்ற் சரியாகும், 60 ஹேட்ஸ் 50 ஆகவே நிற்கும். மோட்டர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும், காற்றுக் குறையும், ஒட்சிசன் குறையும், சூடும் ஏறும். ஆகவே 60 ஹேட்ஸ் மட்டும் என்று எழுதிய கொன்சன்ட்ரேற்றரை அனுப்பவே வேண்டாம் என்று உறவினரிடம் சொல்லிவிடுங்கள். மனம் நோகும்தான், கப்பல் கூலியாவது மிஞ்சும். 100–240 வோல்ற், 50/60 ஹேட்ஸ் என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். சீபாப் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின்), சிறு நெபுலைசர் (மருந்தைத் தூறலாக்கி மூச்சோடு கொடுக்கும் மெஷின்) அடப்ரர்கள் பல அப்படித்தான். பிரித்தானியாவிலிருந்து வருவதற்கு எந்தச் சிக்கலும் இல்லை, பிளக்கின் சதுரமுனை உட்பட.

கரண்ட் போய்விட்டது

பெட்டி கத்தாமல் நின்றதா? பல மாதிரிகளில் மின்தடை அலாரத்துக்கென்று 9 வோல்ற் பற்றரி ஒன்று உள்ளே இருக்கும். அது செத்திருந்தால் இரவில் நின்றதே தெரியாது. மாதம் ஒருதரம், பெட்டி ஓடும்போது பிளக்கைக் கழற்றிச் சோதியுங்கள்.

பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டருக்குக் கணக்கு இப்படி: 12 வோல்ற், 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் 1200 வாற் மணி. பற்றரி கெடாமல் பாதிதான் எடுக்கலாம், 600. இன்வேட்டரில் வீணாவது போக 510. 350 வாற் பெட்டி ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். இன்வேட்டர் தூய சைன் அலை வகையாக இருக்க வேண்டும். மலிவானவற்றில் கொம்பிரசர் உறுமிச் சூடாகும். கூரையில் சோலர் இருக்கிறதே என்று இருக்க வேண்டாம். பற்றரியில்லாமல் மின்சார சபை இணைப்போடு ஓடும் சோலர், இணைப்புப் போனதும் தானே நின்றுவிடும் வகையில் செய்யப்பட்டது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடு முழுதும் கரண்ட் போனபோது, வெயில் எரித்துக்கொண்டிருந்தும் அந்த வகைச் சோலர் உதவியிராது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அதற்குப் பற்றரி போதாது, சிலிண்டர் வேண்டும். சிலிண்டரில் எழுதியுள்ள நீர்க்கொள்ளளவை மானி காட்டும் அழுத்த இலக்கத்தால் (பார் அலகில்) பெருக்கினால் உள்ளே உள்ள லீற்றர் வரும். 10 லீற்றர்ச் சிலிண்டர், மானியில் 100 பார்: 1000 லீற்றர். கடைசி 20 பாரை விட்டுவிட்டு 800. நிமிடத்துக்கு 2 லீற்றர் என்றால் 400 நிமிடம், 6 மணித்தியாலம் 40 நிமிடம். நெடுந்தீவு போன்ற இடத்தில் இருப்பவர்கள் படகு ஓடாத காற்று நாளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சிலிண்டரைத் திறந்ததும் மானிக் கழுத்தில் 'ஸ்ஸ்' என்றால் மூடி, மானியைக் கழற்றி, இடையில் உள்ள வாசர் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தொலைத்துவிட்டு நூல், டேப் சுற்றுவதும், இறுகிய திருகுக்கு எண்ணெய் விடுவதும் கூடாது. அழுத்திய ஒட்சிசனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். திறப்பது மெதுவாக, முகத்தைத் தள்ளிவைத்து. ஜெனரேற்றர் முற்றத்தில், ஜன்னலுக்கு எட்டத்தில்.

நெபுலைசர் சத்தம் போடுகிறது, புகை வரவில்லை

மருந்துக் கிண்ணத்தைத் திறவுங்கள். நடுவில் ஒரு சிறு கூம்புத் துண்டு இருக்க வேண்டும். கழுவும்போது தண்ணீரோடு போய்விடுவது அதுதான், அது இல்லாமல் மருந்து தூறலாகாது. துண்டு இருந்தால் அடியில் உள்ள ஊசித்துளை சுண்ணாம்பாலோ மருந்துப் படிவாலோ அடைத்திருக்கும். குண்டூசியால் குத்தினால் துளை பெருத்துவிடும். மேலே சொன்ன வினாகிரிக் கலவையில் ஊறவையுங்கள். குழாயை இழுத்து நுனியில் விரல் வைத்துக் காற்றின் பலம் பாருங்கள். பலமில்லை என்றால் மெஷினின் சிறு வடிபஞ்சு கறுத்திருக்கும். அதைக் கழுவக்கூடாது, மாற்ற வேண்டும்.

புகை வருகிறது, ஆனால் 20 நிமிடமாகியும் முடியவில்லை என்றாலும் இதே காரணங்கள். வழக்கமாக 5 முதல் 10 நிமிடம். மருந்தை ஐதாக்குவது பாமசியில் வாங்கும் சேலைனால் மட்டும். தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழல் இறுகும். முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவி, கடைசி அலசல் கொதித்தாறிய தண்ணீரில், துவாயில் கவிழ்த்துக் காயவிடுங்கள். குழாயைக் கழுவ வேண்டாம். உள்ளே ஈரம் கண்டால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு மெஷினைச் சில நிமிடம் ஓடவிட்டால் காய்ந்துவிடும்.

சீபாப்: காற்று ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர்

ஒழுகினால் பட்டியை இறுக்குவதுதான் எல்லாரும் செய்வது, இறுக்க இறுக்க மெத்தை மடிந்து இன்னும் ஒழுகும். படுத்த நிலையில், காற்று ஓடும்போது, முகமூடியைச் சற்று இழுத்துத் திரும்ப உட்காரவிட்டுப் பட்டியைத் தளர்த்திப் பொருத்துங்கள். முகத்து எண்ணெயைக் கழுவுங்கள். குழாயில் தண்ணீர் கலகலத்தால் மெஷினைத் தலையணை மட்டத்துக்குக் கீழே வையுங்கள், விசிறிக் காற்று குழாயில் நேரே படாமல் பாருங்கள். கரண்ட் இல்லாத இரவில் பற்றரியில் ஓட்டுவதானால் ஈரமூட்டியின் சூட்டை நிறுத்துங்கள், அதிகம் தின்பது அதுதான். அழுத்தத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

குழாயில் கருந்துகள் கண்டால் உடனே பெயரையும் மாதிரியையும் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் ரெஸ்பிரோனிக்ஸ், உள்ளே உள்ள சத்தந்தடுக்கும் பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகக்கூடும் என்பதால் பல சீபாப், பைபாப், வென்ரிலேற்றர் மாதிரிகளைத் திரும்ப அழைத்தது. வெளிநாட்டில் ஒருவர் பாவித்துவிட்டு அனுப்பிய பெட்டி அந்த வரிசையில் இருக்கக்கூடும். தொடர் இலக்கத்தை அங்கே உள்ளவர்களைக் கொண்டு நிறுவனத்தின் பட்டியலில் தேடுவியுங்கள். ஓசோன் துப்புரவுப் பெட்டி அந்தப் பஞ்சை இன்னும் வேகமாக உதிர்க்கும்.

திருத்துபவரைக் கூப்பிடும்போது

"ஓடுதில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வருவார். மாதிரிப் பெயர், தொடர் இலக்கம், தகட்டில் உள்ள வோல்ற், கொன்சன்ட்ரேற்றர் என்றால் ஓடிய மணித்தியாலம் காட்டும் மானியின் இலக்கம், எந்த விளக்கு எரிகிறது, அலாரம் விட்டுவிட்டா தொடர்ச்சியாகவா, எந்த நேரத்தில் பிழைக்கிறது என்று சொல்லுங்கள். அலாரத்தைப் போனில் 20 செக்கன் வீடியோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. அவர் பெட்டியைக் கொண்டுபோவதானால் எத்தனை நாள் என்று கேட்டு, அந்த நாட்களுக்கான சிலிண்டர் வந்து சேர்ந்த பிறகு பெட்டியைக் கொடுங்கள்.